பர்மிங்காம் பேச்சுக்குக் கேஸ் போட முடியுமா?

கேள்வி: என் அக்கா மகன் பர்மிங்காமில் பிறந்து வளர்ந்தவன். மாமா அங்கே பஸ் ஓட்டுகிறார். லண்டனில் ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போனவனிடம், "இந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவாய்?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். வேலையும் கிடைக்கவில்லை. கேஸ் போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போடலாம், நிற்பதுதான் கஷ்டம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் வயது, இனம், மதம், பாலினம் என்று 9 விஷயங்களை எண்ணிச் சொல்லி, இவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்த ஒன்பதில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையா, மேல்தட்டா என்கிற வர்க்கமும் இல்லை, அதைக் காட்டிக்கொடுக்கும் உச்சரிப்பும் இல்லை.

இதில் ஒரு கூத்து பாருங்கள். சட்டம் சொல்லும் 'இனம்' என்பதற்குள் பூர்விக நாடும் அடங்கும். அதனால் உங்கள் பையனின் பேச்சில் தமிழ் வாடை அடிக்கிறது என்று சிரித்திருந்தால் அவன் கோர்ட்டுக்குப் போக வழி உண்டு. பிரேசில்காரப் பெண் ஒருவரின் வழக்கில், உச்சரிப்பைப் பற்றிய பேச்சு இனரீதியான தொல்லையாகலாம் என்று 2024-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே சொல்லியிருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கூட 'என் தேசத்தைக் கேலி செய்தார்கள்' என்று வாதாடிப் பார்க்கலாம். பர்மிங்காம் இங்கிலாந்துக்குள் இருக்கிற ஊர், அந்தப் பேச்சுக்குத்தான் நாதியில்லை! இத்தனைக்கும் அங்கே எந்த உச்சரிப்புக்கு மதிப்பு என்று எப்போது கருத்துக் கேட்டாலும் பர்மிங்காம் கடைசி வரிசையில்தான் நிற்கும்.

படித்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நேரத்தில், பிபிசியில் தொகுத்து வழங்கிய முன்னாள் கால்பந்து வீராங்கனை அலெக்ஸ் ஸ்காட் வார்த்தைகளின் கடைசியில் வரும் 'ஜி'யை விழுங்குகிறார் என்று முன்னாள் அமைச்சர் டிக்பி ஜோன்ஸ் பொதுவெளியில் குறை சொன்னார். கிழக்கு லண்டனின் பாப்லரில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவள், அதில் எனக்குப் பெருமைதான் என்று அவர் திருப்பிக் கொடுத்தார். நல்ல பதில்தான், ஆனால் அவர் ஏற்கெனவே பிரபலம். இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் பையன் அப்படிச் சொல்ல முடியுமா?

கேள்வி: வர்க்கத்தையும் சட்டத்தில் சேர்க்க வேண்டியதுதானே? யாரும் கேட்கவில்லையா?
– வாசகர், சேலம்

பதில்: கேட்டார்கள். தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டியுசி 2019-லேயே கேட்டது. வர்க்கத்தை எதை வைத்து அளப்பது என்பதுதான் வழக்கமாக வரும் மறுப்பு. எனக்கு இது சாக்காகத்தான் படுகிறது. உனக்கு 14 வயதானபோது உன் அப்பா அம்மா என்ன வேலை பார்த்தார்கள் என்று அங்கே கம்பெனிகளே ஊழியர்களிடம் கேட்டுக் கணக்கெடுக்கின்றன. 2030-க்குள் தன் பங்குதாரர், இயக்குநர்களில் 29 சதவீதம் பேர் தொழிலாளர் குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்று கேபிஎம்ஜி என்ற பெரிய தணிக்கைக் கம்பெனி 2021-ல் இலக்கே வைத்தது. கம்பெனியால் எண்ண முடிந்தது கோர்ட்டால் முடியாதா என்ன?

பிரான்ஸில் உச்சரிப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கவென்றே ஒரு மசோதா வந்தது. 2020 நவம்பரில் கீழ்சபை அதை 98-க்கு 3 என்ற கணக்கில் நிறைவேற்றியது, தண்டனை 3 வருடச் சிறை, 45,000 யூரோ அபராதம் வரை. அப்போதைய பிரதமர் ஜான் காஸ்டெக்ஸே தென்மேற்குச் சீமைக்காரர், அவர் பேச்சையும் விடாமல் கேலி செய்தார்கள். சரி, சட்டமாயிற்றா என்றால், மேல்சபையான செனட்டைத் தாண்டவில்லை.

கும்பகோணம் வாசகிக்கு இன்னொரு வார்த்தை: அங்கே என்ன சொன்னார்கள் என்பதைப் பையன் மறப்பதற்குள் அப்படியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். 'உங்க ஆளுங்க', 'உங்க நாட்டுப் பக்கம்' என்று ஒரு வார்த்தை விழுந்திருந்தாலும் விஷயம் 'இனம்' பக்கம் திரும்பிவிடும், வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்.