சாட்ஸ்வொர்த்துக்கு டீச்சரா வர்ற தங்கச்சிக்கு

கேள்வி: அக்கா, நான் பாளையங்கோட்டைல பிஎட் முடிச்சிருக்கேன். சபை மூலமா ஜனவரில மூணு மாசம் தென்னாப்பிரிக்கால டர்பன் சாட்ஸ்வொர்த்துல ஊழியத்துக்கு வர்றேன். சண்டே ஸ்கூலும் சனிக்கிழமை தமிழ் கிளாஸும் எடுக்கணும், ஒரு குடும்பத்தோட தங்கணும். தமிழ் ஜனங்கதானே, சீக்கிரம் செட் ஆகிடும்ல?

பதில்: அந்தக் கடைசி வரிலதான் தங்கச்சி சிக்கலே. இந்த ஊர்த் தமிழ் ஜனங்களோட முன்னோர் 1860 நவம்பர்ல மெட்ராஸ்லருந்து ட்ரூரோ கப்பல்ல கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து எறங்கினவங்க, அதுக்கப்புறமும் கப்பல் கப்பலா வந்தாங்க, பெயர் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லின்னு இருக்கும், ஆனா உன் கிளாஸ்ல உக்கார்ற பிள்ளைங்களுக்கு வீட்டு பாஷையே இங்கிலீஷ்தான். ஆயா தாத்தாவுக்குத்தான் தமிழ் வரும், அதுவும் எல்லாருக்கும் வராது. பாட்டெல்லாம் தமிழ்ல அருமையா பாடுவாங்க, பேப்பரை வாங்கிப் பாத்தா இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சிருப்பாங்க. அதனால மொத நாளே அ ஆன்னு போர்டுல எழுதாத, அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டுலருந்து ஒரு வார்த்தைய எடுத்து ஆரம்பி, அதான் நிக்கும்.

நான் செஞ்ச முட்டாள்தனத்தையும் சொல்றேன். வந்த ரெண்டாவது வாரம் ஒரு ஆயா "வூட்டாண்ட வா கண்ணு"ன்னு கூப்பிட்டாங்க, நான் பெரிய புத்திசாலி மாதிரி சிரிச்சிக்கிட்டே "வீட்டுக்கு வான்னு சொல்லுங்க ஆயா"ன்னேன். அந்தம்மா மூணு வாரம் கிளாஸ் பக்கமே வரல. வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கத்துலருந்து வந்த சனங்களோட பேச்சு அது, ஒரு டீச்சரும் சொல்லிக் குடுக்காம இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்கு, அதைப் போயி நான் திருத்தினேன் பாரு. உன் திருநெல்வேலித் தமிழும் அவங்க காதுக்கு விநோதமாத்தான் கேக்கும்.

விசாவுக்கு வருவோம். மூணு மாசம்னு வாய்ல சொல்றது வேற, விசா 90 நாள்ங்கிறது வேற. ஜனவரி 15 வந்து ஏப்ரல் 15 கிளம்பினா, வர்ற நாளையும் போற நாளையும் சேத்து எண்ணிப் பாரு, 91 நாள். ஒரு நாள் கூடுதலா இருந்தாலும் ஒரு வருஷம் திரும்ப வர விடமாட்டாங்க, 30 நாளுக்கு மேல போச்சுன்னா அஞ்சு வருஷம். இன்விடேஷன் லெட்டர்ல சம்பளம் இல்லாத ஊழியம், என்ன வேலை, எங்க தங்குறேன்னு தெளிவா எழுதி வாங்கு, டூரிஸ்ட்னு சொல்லிட்டு வந்து கிளாஸ் எடுக்குற வேலையே வேணாம். பிள்ளைங்களோட வேலைங்கிறதால போலீஸ் கிளியரன்ஸும் கையில வச்சுக்க. டிக்கெட் அடிஸ் அபாபா வழியா சீப்பா கிடைக்கும், ஆனா அங்க 12 மணி நேரத்துக்கு மேல நின்னா இங்க எறங்கும்போது மஞ்சக் காய்ச்சல் ஊசி கார்டு கேப்பாங்க, ஊசிய பத்து நாள் முன்னாடியே போட்டிருக்கணும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. துபாய் வழியா வந்தா இந்தத் தலைவலி இல்ல.

இப்ப வீட்டுக்குள்ள. நீ தங்குற குடும்பம் சபைக்குப் போறவங்கதான், ஆனா அவங்க சித்தப்பா வீட்டுல தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாங்க, நீ இருக்கும்போதே அது வரும். குட் ஃப்ரைடே சமயத்துல இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்ல கூட்டம் அலைமோதும், தோட்டத்துல வேலை செஞ்ச காலத்துல அப்பத்தான் லீவு கிடைச்சதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஒரே சாப்பாட்டு மேசைல ரெண்டு பக்கத்து ஆளும் உக்காந்திருப்பாங்க, அங்க போயி வாதம் பண்ணாத, நீ ஊருக்குப் போயிடுவ, அவங்க அண்ணன் தம்பியாவே இருக்கணும். சபைல இருக்கிற நெறைய பேரு வீட்டுல மாட்டுக்கறியும் இன்னும் தொடுறதில்ல, சமைக்கிறேன்னு கிளம்பிடாத. பன்னி சாவ்னு பேரைக் கேட்டு மெரளாத, பாதி ரொட்டிய குடைஞ்சு உள்ள ஆட்டுக்கறிக் குழம்பு ஊத்தித் தருவாங்க, கையாலதான் சாப்பிடணும், காரம் நம்ம ஊரையே தோக்கடிக்கும்.

யாராவது "ஜஸ்ட் நவ்" வர்றேன்னா ஒரு மணி நேரம் கழிச்சுன்னு வச்சுக்க. ரோபோட்ல திரும்புன்னா சிக்னல். இருட்டினப்புறம் தனியா நடக்காத, ரோட்டுல போனை கையில வச்சுக்கிட்டு போகாத, ஏடிஎம்ல யாராவது உதவி பண்ண வந்தா கார்டை எடுத்துக்கிட்டு வந்துடு, இதுல மட்டும் வெக்கமே படாத. குழாய்ல தண்ணி வர்றது அப்பப்ப நின்னுடும், 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கப்புறம் இன்னும் மோசம், வந்த அன்னிக்கே ரூம்ல ரெண்டு கேன் ரொப்பி வை.

பொட்டில என்ன வைக்கறதுன்னா பருத்தித் துணிதான் நெறைய, ஜனவரி இங்க கோடை, பிசுபிசுன்னு வேர்க்கும். நம்ம ஊர்ல ஏசிக்குப் போடுற தடிமனான மூணு குச்சி பிளக் இருக்குல்ல, அந்த மாதிரிதான் சுவத்துல ஓட்டை இருக்கும், அதுக்கு ஏத்த அடாப்டர் ஒண்ணு வாங்கிக்க. படம் போட்ட அரிச்சுவடி பத்து காப்பி எடுத்துட்டு வா, இங்க கிடைக்கறது கஷ்டம். கருவேப்பில மட்டும் கொண்டு வராத, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க, இங்க பாதி வூட்டுக்குப் பின்னாடி மரமாவே நிக்குது.