ஸ்பானிஷில் ஒருவர் சொன்னதைச் சொல்ல எந்த இறந்தகாலம்? – கேள்வி பதில்

கேள்வி: "களைப்பாக இருக்கிறேன் என்றாள்" என்பதற்கு 'திஹோ கே எஸ்தொய் கன்சாதா' சரியா?

பதில்: வாக்கியம் நிற்கும், ஆனால் களைத்திருப்பது அவளல்ல, நீங்கள்! தமிழில் 'என்று'க்கு முன் அவள் பேச்சை அப்படியே வைக்கலாம். ஸ்பானிஷில் 'திஹோ' (சொன்னாள், சொன்னார்) வந்தால், 'கே'க்குப் (என்று) பின் ஆளும் மாறும், காலமும் மாறும்: திஹோ கே எஸ்தாபா கன்சாதா. நிகழ்காலம் இம்பெர்ஃபெக்தோ (தொடர்ந்த நிலையைச் சொல்லும் இறந்தகாலம்) ஆகிறது. 'எஸ்துபோ' போட்டால், முன்பு களைப்பாக இருந்ததாக அவள் சொன்னாள் என்றாகிவிடும்.

கேள்வி: அவர் பேசியதே இறந்தகாலமென்றால்?

பதில்: 'கோம்ப்ரே பான்' (ரொட்டி வாங்கினேன்) → திஹோ கே ஆபியா கோம்ப்ராதோ பான். முன்பின் குழப்பம் வராத இடத்தில் 'திஹோ கே கோம்ப்ரோ பான்' என்றும் சொல்வார்கள். 'ஏ கோம்ப்ராதோ' (வாங்கியிருக்கிறேன்) என்றிருந்தாலும் 'ஆபியா கோம்ப்ராதோ'தான். இம்பெர்ஃபெக்தோ மட்டும் அசையாது: 'பிபியா என் லிமா' (லிமாவில் வசித்துவந்தேன்) → திஹோ கே பிபியா என் லிமா.

கேள்வி: 'திஹோ கே பெனியா', 'திஹோ கே பினியேரா' இரண்டும் கேட்கிறேன். ஒன்றுதானா?

பதில்: இல்லை. முதலாவது "வருவதாகச் சொன்னார்", இரண்டாவது "வரச் சொன்னார்". தமிழில் 'வருவதாக', 'வர' என்று பிரிவதை ஸ்பானிஷ் வினை வடிவத்தாலேயே பிரிக்கிறது. கட்டளை, வேண்டுகோள் எதுவானாலும் இம்பெர்ஃபெக்தோ தே சுப்ஹுந்திபோ (கட்டளை, விருப்பம் போன்றவற்றுக்கான சுப்ஹுந்திபோ வடிவத்தின் இறந்தகாலம்). செய்முறை சுலபம்: இந்தெஃபினிதோவின் ('கோம்ப்ரே' போல முடிந்த செயலைச் சொல்லும் இறந்தகாலம்) 'அவர்கள்' வடிவத்தில் 'ரோன்' நீக்கி 'ரா' சேருங்கள். பினியேரோன் → பினியேரா, ஃபுவேரோன் → ஃபுவேரா. ஒழுங்கற்ற வினைகளுக்கும் இதே விதிதான். ஆகவே அந்த ஒரு வடிவத்தை மனப்பாடம் செய்தால் போதும். 'பினியேசே' என்பதும் இதே பொருள்தான். பெருவிலும் பொலிவியாவிலும் 'மே திஹோ கே பெங்கா' என்று நிகழ்கால சுப்ஹுந்திபோ காதில் விழும், தேர்வில் எழுதாதீர்கள்.

கேள்வி: சொன்னது இன்றும் உண்மை என்றாலும் காலத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. 'திஹோ கே மரியா எஸ்தா எம்பாரசாதா' என்றால் மரியா இப்போதும் கர்ப்பமாக இருக்கிறாள். 'எஸ்தாபா' அதைத் திறந்தே விடுகிறது. எதிர்காலமும் இப்படித்தான்: வழக்கமாக 'திஹோ கே பெந்த்ரியா', வருகை இனிமேல்தான் என்றால் 'பெந்த்ரா'வும் சரி. 'க்ரேயா கே' (நினைத்தேன்) வந்தால் இந்தச் சலுகை கிடையாது: க்ரேயா கே எஸ்தாபாஸ் என்ஃபெர்மோ (உனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்), 'எஸ்தாஸ்' தவறு.

கேள்வி: 'நாளை', 'நேற்று'?

பதில்: மன்யானா → அல் தியா சிகியேந்தே, அயேர் → எல் தியா அந்தெரியோர். அதே நாளிலேயே சொல்கிறீர்கள் என்றால் மாற்ற வேண்டாம்.