தலைக்கு இவ்வளவு என்றொரு கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ரெஜைனாவில் நர்சிங் முதலாண்டு படிக்கிறாள். கனடாவின் பூர்வகுடிகளின் வரலாறு அவளுக்குப் பாடமாக இருக்கிறது. நானும் அவளோடு சேர்ந்து படிக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? இன்னொன்று. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்த உறைவிடப் பள்ளிகளில் அவர்கள் இறந்தது கொடுமைதான். ஆனால் காசநோய் அந்த மக்களுக்குப் புதிது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, அன்றைக்கு மருந்தும் இல்லை. படிப்பு கொடுக்க நினைத்த அரசை அதற்காகக் குற்றம் சொல்ல முடியுமா? நடந்து முடிந்ததை இன்னும் பேசிக்கொண்டிருக்க வேண்டுமா?

க., சஸ்கட்டூன்

அன்புள்ள க.,

மகளோடு சேர்ந்து படிக்க நினைக்கிறீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. இந்தப் பள்ளிகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கத்தில் தொடங்குங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'நடந்து முடிந்தது' என்பதற்கு ஒரு வரி போதும். உங்கள் மாகாணத்தில் கார்டன்ஸ் உறைவிடப் பள்ளியை மூடியது 1996இல். அங்கே படித்தவர்கள் உங்கள் மகள் வேலை பார்க்கப்போகும் வார்டுக்கு நோயாளிகளாக வருவார்கள்.

எதிர்ப்புச் சக்தி விஷயத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. நர்ஸ் ஆகப்போகிற பெண்ணின் வீட்டில் இந்தப் பேச்சு இருக்கவே கூடாது. காசநோய்க் கிருமி உள்ளே போனவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலான உடம்புகள் அதை அடக்கி வைத்துவிடும். பட்டினி கிடந்தால் அது விழித்துக்கொள்ளும். ஒருவர் இருமியது காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்து அடுத்தவர் நெஞ்சுக்குள் போகும். பட்டினி, நெரிசல், அடைத்த காற்று. உங்கள் பக்கத்துப் பூர்வகுடிகளான கிரீ, சோட்டோ, அசினிபோயின் மக்களுக்கு இந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்.

1870களின் முடிவில், அவர்கள் உணவுக்கு நம்பியிருந்த காட்டெருமை மந்தைகள் அழிந்தன. அது வரும் என்று தெரிந்துதான் 1876இல் அரசோடு ஆறாம் ஒப்பந்தம் பேசியபோது, பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் அரசு உதவ வேண்டும், அரசின் ஏஜென்ட் வீட்டில் மருந்துப் பெட்டி இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். பஞ்சம் வந்தது. சைப்ரஸ் குன்றுகளில் தங்கியிருந்தவர்களை, அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலங்களான ரிசர்வுகளுக்கு விரட்ட அரசு ரேஷனையே ஆயுதமாக்கியது. செலவைக் குறைக்கத்தான் பட்டினியின் விளிம்புக்கு வரும்வரை உணவு தராமல் இருக்கிறோம் என்று பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்ட் 1882இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு நடமாடியவர்கள், குளிர்காலம் முழுக்க மரக்கட்டைக் குடிசையின் ஒற்றை அறைக்குள் அடைபட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள்தான் பள்ளிக்கு வந்தார்கள். பள்ளியை நடத்தியது திருச்சபை, பணம் அரசுடையது. 1892 முதல் மானியம் தலைக்கு இவ்வளவு என்று ஆனது. விறகு, ஆசிரியர் சம்பளம், கட்டடப் பழுது எல்லாம் பிள்ளைகள் எத்தனை பேரானாலும் பெரிதாக மாறாத செலவுகள். ஆகவே ஒரு கட்டில் காலியானால் அந்தப் பள்ளிக்கு நஷ்டம். தலைமை ஆசிரியர் என்ன செய்வார்? இருமுகிற பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார். மருத்துவச் சோதனை பேருக்கு நடக்கும், பல இடங்களில் அதுவும் நடக்காது. கட்டில்கள் நெருங்கும், சோறு குறையும். பாதி நாள்தான் வகுப்பு. மீதிப் பாதி தொழுவத்திலும் துணி துவைக்கும் இடத்திலும் வேலை, அதுவும் செலவை ஈடுகட்டத்தான். பிள்ளை சாகும் நிலைக்கு வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிப் பதிவேட்டில் அது சாவாக ஏறாது. வீட்டில் தம்பி தங்கைக்கு நோய் ஒட்டும்.

இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். பூர்வகுடிகளை அன்று 'இந்தியர்' என்றே அழைத்தார்கள். அவர்களைக் கவனித்த இந்திய விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இல் மனிடோபாவிலும் வடமேற்கிலும் 35 பள்ளிகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். வெப்பத்தையும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்க, வருடத்தில் ஏழு மாதமாவது ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடிச் சட்டகம் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு மூன்று பள்ளிகள் தவிர எங்கும் காற்றோட்டத்துக்கு உருப்படியான முயற்சியே இல்லை. விவரம் கிடைத்த 1,537 பிள்ளைகளில் கால்வாசிக்கு நெருக்கமானவர்கள் இறந்திருந்தார்கள். கணக்குச் சரியாக இருந்த ஒரு பள்ளியில், படித்து வெளியேறியவர்களில் 69 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. துறையின் உச்சியில் இருந்த டங்கன் கேம்பெல் ஸ்காட்டும், இந்தப் பள்ளிகளுக்குப் போன பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் படிப்பின் பயனை அனுபவிக்க உயிரோடு இருக்கவில்லை என்று 1914இல் அச்சிலேயே எழுதினார். அதே ஸ்காட் காலத்தில், 1920இல், பள்ளிக்குப் போவது கட்டாயமாக்கப்பட்டது. அவருக்கு எல்லாம் தெரியும், க. 'மருந்து இல்லாத காலம்' என்கிறீர்கள். ஜன்னலைத் திறக்க என்ன மருந்து வேண்டும்?

ரத்தம்தான் காரணம் என்பவர்களுக்கு உங்கள் மாகாணத்துக் குவாப்பெல் பள்ளத்தாக்கைக் காட்டுவேன். 1930இல் மருத்துவர் ஆர். ஜி. ஃபெர்குசன் முன்னின்று அங்குள்ள ரிசர்வுகளில் ஒரு சுகாதாரத் திட்டம் தொடங்கினார்கள். நர்ஸ் வீடுவீடாகப் போனார். கிணறு வெட்டினார்கள், வீடுகளைச் சீர்படுத்தினார்கள், நோயாளிகளைப் பிரித்தார்கள். காசநோய்ச் சாவுகள் சரசரவென்று இறங்கின. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிச் சோதனை அங்கே தொடங்கியதே 1933இல்தான். அதற்குள் யார் ரத்தம் மாறிவிட்டது? தடுப்பூசியும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சோதனையில் இருந்த குழந்தைகள் பலர் நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்கள். அதற்குத் தேவைப்பட்டது நல்ல தண்ணீரும் வீடும் பாலும்.

'படிப்பு கொடுக்க நினைத்த அரசு' என்று எழுதியிருந்தீர்கள். ஆல்பெர்டாவில் செயின்ட் பால் அருகே புளூ குவில்ஸ் பள்ளியை அரசு கைவிடப் பார்த்தபோது, 1970 கோடையில் பெற்றோர்களும் பெரியவர்களும் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பள்ளியை எங்களிடம் கொடு, நாங்கள் நடத்துகிறோம் என்பதுதான் கோரிக்கை. 1971இல் பள்ளி அவர்கள் கைக்கு வந்தது. கனடாவில் அப்படி வந்த முதல் உறைவிடப் பள்ளி அது. இன்று அங்கே அவர்களே ஒரு பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள், கிரீ மொழியும் பாடம்.