'ஸ்டீல்' (steal) என்றால் திருட்டு மட்டும்தானா?

பேஸ்பால் வர்ணனையில் "பேஸ் ஸ்டீல் செய்தார்" என்கிறார்களே, அது ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, விதிப்படி சரியான ஆட்டம்தான். பேஸ் என்பது மைதானத்தில் ஆட்டக்காரர் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம். பந்து வீசுபவர் வீசத் தொடங்கும் நொடி பார்த்து, முதல் பேஸில் இருப்பவர் இரண்டாவதை நோக்கிப் பாய்வார். கேட்சர் (பந்தடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) எறியும் பந்தை வாங்கி எதிரணிக்காரர் அவரைத் தொடுவதற்குள் பேஸைத் தொட்டுவிட வேண்டும். அமெரிக்க பேஸ்பால் வீரர் ரிக்கி ஹெண்டர்சன் 1982-ல் ஒரே சீசனில் 130 முறை இதைச் செய்தார். அசாத்தியமான சாதனை!

கூடைப்பந்தில் எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது ஸ்டீல். அப்புறம், கடையில் "இட்ஸ் எ ஸ்டீல்" என்றால் கொள்ளை மலிவு. ஓரக்கண்ணால் பார்ப்பதற்கும், சத்தமில்லாமல் நழுவுவதற்கும்கூட இதே சொல்தான். எஃகைக் குறிக்கும் ஸ்டீலுக்கு உச்சரிப்பு ஒன்றுதான், ஆங்கில எழுத்து வேறு.