மல்டிகிரேடு ஆயில் ஊற்றிய பிறகும், குளிரில் விமான எஞ்சினைச் சூடேற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டுமா?

வேண்டும். உங்களுடையது நாலு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின், விமானம் ராத்திரி முழுக்க வெளியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மல்டிகிரேடு ஆயில் குளிரில் ஓரளவு இளகியே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினின் உடற்கூடான கிராங்க்கேஸ் அலுமினியம், உள்ளே சுழலும் கிராங்க்ஷாஃப்ட் எஃகு. அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். கடுங்குளிரில் பேரிங் இடைவெளி இறுகிவிடும். ஆயில் போக இடமே இல்லாதபோது அது எவ்வளவு இளகியிருந்து என்ன பயன்? எஞ்சின் தயாரிப்பாளரான லைகாமிங் தன் பெரும்பாலான எஞ்சின்களுக்கு மைனஸ் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சூடேற்றச் சொல்கிறது; இன்னொரு தயாரிப்பாளரான கான்டினென்டலுக்கு மைனஸ் 7. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள், என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். "நாங்கள் அப்படியே ஸ்டார்ட் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களுக்கு: தேய்மானம் அன்றைக்கே தெரியாது.

சூடேற்றுவதிலும் அரைகுறை வேலைதான் அதிகம். வெப்பக் காற்றுக் குழாயை எஞ்சினை மூடும் கௌலிங்கின் முன்பக்கம் பத்து நிமிடம் செருகுவார்கள், சிலிண்டர் ஹெட் மீட்டர் ஏறியதும் சாவியைத் திருப்புவார்கள். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் இன்னும் களியாகக் கிடக்கும். அடியிலிருந்து சம்ப்புக்கும் சூடு போக வேண்டும். கௌலிங்கைப் போர்வையால் மூடினால் சூடு தங்கும். பிறகு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் நுனிக்கு ஓடிச் சொட்டினால் சரி. தேன்போலக் கம்பியிலேயே தொங்கினால் இன்னும் நேரம் ஆகவில்லை.

ஸ்டார்ட் செய்யும்போது, சிலிண்டருக்குப் பெட்ரோல் செலுத்தும் பிரைமரை அடித்துத் தள்ளாதீர்கள். அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், தீயும் பிடிக்கலாம். எஞ்சின் நாலு சுற்று சுற்றி அணைந்து, அப்புறம் பற்றவே மறுத்தால் ஸ்பார்க் பிளக் முனையில் ஈரம் உறைந்திருக்கக்கூடும். அப்போது பேட்டரியைத் தீர்ப்பதில் பலனில்லை, மறுபடி சூடேற்றுவதுதான் வழி. ஆயில் பிரஷர் சாதாரணமாக 30 விநாடியில் தெரிய வேண்டும், கடுங்குளிரில் அதிகபட்சம் ஒரு நிமிடம். தெரியாவிட்டால் அணையுங்கள்.

யாரும் குனிந்து பார்க்காத பொருள் ஒன்று உண்டு: கிராங்க்கேஸ் பிரீதர் குழாய். எஞ்சினிலிருந்து வரும் நீராவி அதன் வாயில் உறைந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி முன்பக்கத்து கிராங்க்ஷாஃப்ட் சீலைப் பிதுக்கித் தள்ளும். ஆயில் மொத்தமும் வெளியே போய்விடும். கிளம்பும் முன் குழாயின் வாயைத் தொட்டுப் பாருங்கள். வாய்க்குச் சற்று மேலே, சூடான பகுதிக்குள் மாற்றுத் துளை இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இறக்கைமேல் படிந்த உறைபனிக்குச் சலுகை கிடையாது. உப்புத்தாள் அளவு சொரசொரப்பே தூக்குவிசையை 30 சதவீதம் குறைத்து, இழுவிசையை 40 சதவீதம் கூட்டக்கூடும். வெந்நீர் ஊற்றாதீர்கள், வழிந்து, இறக்கையின் பின்னோரத்தில் அசையும் எய்லரானின் கீலுக்குள் மறுபடி உறையும்.

இங்கே ஒரு ஆதங்கம். வாடகை விமானத்துக்குக் கோடையிலும் குளிரிலும் ஒரே அளவு நேர ஸ்லாட். பனி துடைக்கவே அரைமணி போனால் மாணவன் எதைச் சுருக்குவான்? சோதனையைத்தான். அதற்கு அவனைத் திட்டுவதில் நியாயமில்லை.

கேபின் ஹீட்டருக்கு வருவோம். பல சிறு விமானங்களில், எஞ்சின் புகை போகும் எக்ஸாஸ்ட் மஃப்ளரைச் சுற்றிய காற்றே உள்ளே வருகிறது. மஃப்ளரில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் கூட வரும், அதற்கு வாசனை இல்லை. நிறம் மாறும் அட்டையை நம்பாமல், சத்தம் போடும் மின்னணுக் கருவியை வையுங்கள். தலைவலியோ அசதியோ தட்டினால் முதலில் ஹீட்டரை மூடி, வெளிக்காற்றைத் திறந்து, பக்கத்து ஓடுதளத்தில் இறங்குங்கள். மஃப்ளரைப் பார்க்காமல் அன்றைக்கு மறுபடி கிளம்பாதீர்கள்.