மலையில் யார் பெரும்பான்மை? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நீலகிரித் திருவிழாக்களைப் பற்றிய கட்டுரையில், பெரும்பான்மை என்ற சொல்லை இந்த மலையில் யோசித்துப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவன். தோடர், கோத்தர், படகர், குறும்பர் எல்லோரும் இந்துக்களே. மிஷனரிகள் வந்த பிறகுதான் பிரிவினை வந்தது. பெரும்பான்மையினரின் பண்பாடே நாட்டின் அடையாளமாக இருப்பது உலக வழக்கம். இந்தியா மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? 'மதச்சார்பற்ற' என்ற சொல்லே 1976-இல், நெருக்கடி நிலையின்போது நுழைக்கப்பட்டதுதானே? இங்குள்ள ஒரு சிறுபான்மைப் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் என் மகனுக்கு இடம் கேட்டேன். அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சலுகை, எங்கள் கோயிலுக்கு அறநிலையத் துறை. இதற்குப் பெயர் சமத்துவமா?

எஸ்., குன்னூர்

அன்புள்ள எஸ்.,

பள்ளியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தின் சூடு அங்கேதான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014-இல் தீர்ப்பளித்தது. எனக்கும் அது உவப்பான தீர்ப்பு அல்ல. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளி, வகுப்புக்கு நான்கு பேர்கூடத் தன் மதத்துப் பிள்ளைகள் இல்லாத பள்ளி, ஒரு ஏழைப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்த, சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்த உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவைக் காட்டுகிறது என்றால், கோபப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

ஆனால் அந்தப் பிரிவை முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். மதத்தால் சிறுபான்மையானவர்களுக்குக் கொடுத்த உரிமையை அது மொழியால் சிறுபான்மையானவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. யார் சிறுபான்மை என்பதை மாநிலத்தை அலகாக வைத்தே பார்க்க வேண்டும் என்று 2002-இல் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னது. நீங்கள் கூடலூர் வழியாகப் போய் கக்கநல்லா சோதனைச் சாவடியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்தால், அந்த நிமிடம் முதல் நீங்கள் மொழியால் சிறுபான்மை. பெங்களூருத் தமிழர்கள் ஒரு பள்ளி தொடங்கினால் அதற்குத் துணை நிற்பது நீங்கள் வெறுக்கும் இதே பிரிவுதான்.

இனி, "எல்லோரும் இந்துக்களே". படகர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி நடந்து வருகிறவர்களிடம் கேட்டால் தயக்கமில்லாமல் இந்து என்பார்கள். ஹெத்தை அவர்களுடைய மூதாதைப் பெண், புராணத்தில் வருகிறவள் அல்ல என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

தோடர்களின் குடியிருப்பான மந்துக்கு வாருங்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த கோயில். தவழ்ந்துதான் நுழைய முடியும், அவ்வளவு சிறிய வாசல். உள்ளே சிலை கிடையாது. பால் பாத்திரங்களும், புனிதமாகக் கருதப்படும் எருமை மணிகளும்தான். பூசாரியின் வேலை மந்திரத்தோடு முடிவதில்லை, பால் கறந்து மோர் கடைவதும் அவருடைய பூசைதான். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை (இதையும் சேர்த்தே சொல்கிறேன், பழங்குடி மரபு என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு புகழும் பழக்கம் எனக்கு இல்லை). ஒரு பெண் கருவுற்ற ஏழாம் மாத வாக்கில் மரத்தில் மாடம் குடைந்து விளக்கேற்றுவார்கள். குச்சியாலும் புல்லாலும் செய்த வில்லும் அம்பும் அவள் கைக்குக் கொடுக்கப்படும். கொடுப்பவன்தான் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன். அவர்கள் சமவெளிக் கோயில்களுக்கும் போவதுண்டு, கும்பிடுவதுண்டு. அதனால் இந்து என்று நீங்கள் சொல்லலாம். அவர்களிலேயே பலர் அப்படிச் சொல்லவும் கூடும். சொல்ல வேண்டியது அவர்கள் என்பது மட்டுமே என் வாதம். 2011 கணக்கெடுப்புப் படிவத்தில் 6 மதங்களுக்குத்தான் குறியீட்டு எண் இருந்தது. மற்றவர்கள் தங்கள் மதத்தின் பெயரைச் சொல்லி எழுதவைக்க வேண்டும். நாடு முழுவதும் அப்படிச் சுமார் 79 லட்சம் பேர் எழுதவைத்தார்கள். வடக்கே பழங்குடியினரின் சர்னா மதத்தை எழுதவைத்தவர்கள் மட்டுமே 49 லட்சத்துக்கு மேல். மிஷனரி தூண்டிவிட்டிருந்தால் அவர்கள் கிறிஸ்தவம் என்றல்லவா எழுதியிருப்பார்கள்?

சட்டத்துக்கு இது தெரிந்தே இருக்கிறது. 1955-இன் இந்துத் திருமணச் சட்டமும் 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டமும், மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றி, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்ற முழக்கத்தோடு 2024-இல் உத்தராகண்ட் கொண்டுவந்த பொது சிவில் சட்டமும் பழங்குடியினரை விட்டுவிட்டது. இந்துவாகவே கணக்கில் வந்தாலும் தோடர் தோடராக வாழலாம் என்று அந்த விலக்கு சொல்கிறது. அதை யாரும் சலுகை என்று ஏசுவதில்லை. பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ இடம் விட்டால் மட்டும் ஏன் நாடு உடைந்துவிடும் என்று பதறுகிறோம்?

பெரும்பான்மையின் பண்பாடே நாட்டின் அடையாளம் என்பது உலக வழக்கம் என்கிறீர்கள். அந்த வழக்கத்தை அனுபவித்தவர்கள் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் பந்தலூரிலும் நாம் சிலோன்காரர்கள் என்று அழைக்கும் குடும்பங்களைத்தான் சொல்கிறேன். இலங்கை 1948-இல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி. 1972 அரசியல் சாசனத்தில் பௌத்தத்துக்கு முதன்மை இடம். நாடற்று நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் கட்டிக் கும்பிட்டவர்கள். நூறாண்டுக்கு மேல் உழைத்த தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்து, அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், இன்றைய அரசு நிறுவனமான டான்டீயில், மறுபடியும் கொழுந்து கிள்ளினார்கள். இந்துவாக இருந்தது அவர்களை அங்கே காப்பாற்றவில்லை, ஏனென்றால் அங்கே இந்து சிறுபான்மை. வந்த பிறகு நாம் அவர்களை நடத்திய விதம் பற்றிப் பேசினால் பதில் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

1976 பற்றி நீங்கள் சொல்வது சரி, அந்தச் சொல் முகவுரையில் அப்போதுதான் ஏறியது. ஆனால் 25 முதல் 30 வரையிலான பிரிவுகள் 1950-இல் சாசனம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே இருக்கின்றன. அவற்றுக்கு அடித்தளமிட்ட, அரசியல் நிர்ணய சபையின் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவர் சர்தார் படேல். மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டுத் தொகுதிகள் வேண்டாம் என்று 1949-இல் முடிவானபோது, அதை ஆதரித்துப் பேசியவர்களில் சென்னையிலிருந்து போன சேசு சபைப் பாதிரியார் ஜெரோம் டிசூசாவும் ஒருவர். அவர்கள் தொகுதிகளை விட்டுக்கொடுத்தார்கள், பள்ளியும் வழிபாடும் மொழியும் கையில் இருந்தால் போதும் என்று. இன்று அதையும் சலுகை என்கிறோம்.

கடைசியாக அறநிலையத் துறை. கோயில் நிர்வாகத்தில் அரசு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்வியில் நான் உங்கள் பக்கம் பாதி தூரம் வருவேன். உண்டியல் பணத்துக்கும் நிலக் குத்தகைக்கும் கணக்குக் கேட்க அரசுக்கு வேலை இருக்கிறது. பூசைக்குள் இல்லை. 2014-இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் கோயிலை உச்ச நீதிமன்றத்தில் மீட்டது, சமயப் பிரிவுகளுக்கு உரிமை தரும் 26-வது பிரிவைப் பிடித்துத்தான். இந்துக்களுக்குள்ளேயே ஒரு மிகச் சிறிய கூட்டம் அவர்கள். வக்பு சொத்துகளும் சட்டம் அமைத்த வாரியத்தின் பிடியில்தான் இருக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி துறையை எதிர்த்து வழக்குப் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள். அதில் எதிர்மனுதாரராக வரப்போவது ஊட்டி சர்ச்சின் பாதிரியார் அல்ல, பெரும்பாலும் இந்துக்களின் வாக்கில் வந்த ஓர் அரசு.