குரோ டென்டுக்குள் மிளகாய், தக்காளி நாற்று: கேட்டவையும் சொன்னவையும்

வீட்டு அறைக்குள் குரோ டென்ட் (விளக்கும் விசிறியும் மாட்டிச் செடி வளர்க்கும் கூடாரம்) வைத்து நாற்று வளர்ப்பவர்களிடம், உங்கள் கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். நான் ஏழு வருடமாக இரண்டு கூடாரங்களில் மிளகாய், தக்காளி, கத்தரி, திருநீற்றுப்பச்சிலை என்று வளர்த்து வருகிறேன். படித்துத் தெரிந்துகொண்டது பாதி, செடியைச் சாகடித்துத் தெரிந்துகொண்டது பாதி. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, மிளகாய் விதை முளைத்து ஆறு நாள் ஆகிறது. தண்டு நூல் மாதிரி நீண்டு, தலை சாய்ந்து நிற்கிறது. விளக்கு நாள் முழுக்க எரிகிறது. சத்துக் குறைவா?

பதில்: சத்து இல்லை, வெளிச்சம். முளைத்த முதல் வாரத்துக்கு வேண்டிய சாப்பாடு வித்திலையிலேயே (முளைக்கும்போது முதலில் விரியும் இலை) இருக்கிறது. உரம் கொடுத்தால் இன்னும் கெடும். விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதைவிட, இலை மேல் எவ்வளவு விழுகிறது என்பதுதான் முக்கியம். நம் கண் இதில் நம்மை நன்றாக ஏமாற்றும். அறை விளக்கில் நமக்குப் பளிச்சென்று தெரியும் வெளிச்சம் 300, 400 லக்ஸ்தான் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நாற்றுக்குக் குறைந்தது 10,000 லக்ஸ், 15,000 வரை இருந்தால் நல்லது.

போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, போனை இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. வெள்ளை எல்இடியாக இருந்தால், வந்த எண்ணை 67ஆல் வகுத்தால் செடிக்காரர்கள் சொல்லும் பிபிஎஃப்டி (செடிக்குப் பயன்படும் ஒளி இலை மேல் எவ்வளவு விழுகிறது என்ற அளவு) கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். 10,000 லக்ஸ் என்றால் 150 சொச்சம். ஊதா நிற விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது.

விளக்கை எத்தனை அங்குல உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். விளக்குக்கு விளக்கு மாறும் என்பதால் நான் அங்குலம் சொல்வதில்லை. லக்ஸ் பார்த்து இறக்குங்கள். இரண்டு நாள் கழித்து வித்திலைகள் கைவிரித்த மாதிரி தட்டையாக இருந்தால் சரி. மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் வெளுத்தால் இறக்கியது அதிகம்.

கேள்வி: 24 மணி நேரமும் எரியவிட்டால் சீக்கிரம் வளருமா?

பதில்: தக்காளியில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். இருட்டே இல்லாமல் தொடர்ந்து வெளிச்சத்தில் இருந்தால் தக்காளி இலை மஞ்சள் திட்டுத் திட்டாக வெளுக்கும். கத்தரிக்கும் அந்தக் குணம் உண்டு. 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. டைமரில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

கேள்வி: என் விளக்குப் பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது. இவ்வளவு வாட் இருந்தும் மிளகாய் பூக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் கற்பனை வாட். பழைய வகை விளக்கோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. பிளக்கில் மாட்டும் மீட்டரில் பாருங்கள், 100 வாட்டுக்குள் காட்டினாலும் ஆச்சரியம் இல்லை. வளர்ந்த மிளகாய்க்கு இலை மட்டத்தில் 25,000 முதல் 30,000 லக்ஸ் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் விளம்பர வாசகம் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: தினமும் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று அளவாகத்தான் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் நாற்றுகள் தரையோடு தரையாக மடங்கி விழுகின்றன. விழுந்த இடத்தில் தண்டு சுருங்கி, பழுப்பாக இருக்கிறது.

பதில்: நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை, பூஞ்சை மாதிரிக் கிருமிகளின் வேலை. விழுந்தது திரும்பாது. குழித்தட்டில் அந்தக் குழியை மண்ணோடு எடுத்து வெளியே போடுங்கள், பக்கத்துக் குழிகளைக் காயவிடுங்கள். ஈரப்பதம் காக்க மூடி போட்டிருந்தால் முளைத்த அன்றே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் இருக்கட்டும் என்று விட்டுத்தான் நானும் ஒரு முறை முழுத் தட்டையும் இழந்தேன்.

அளவாக விடுகிறேன் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மேல் அரை அங்குலம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். பூஞ்சைக்கு அது போதும். வேருக்கோ கீழே இறங்க ஒரு காரணமும் இருக்காது. நான் செய்வது இதுதான்: குழித்தட்டை ஒரு தட்டத்துத் தண்ணீரில் வைத்து, பத்து பதினைந்து நிமிடம் அடியிலிருந்து உறிஞ்சவிடுவேன். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். அந்த நேரத்தில் தட்டைத் தூக்கிப் பார்த்து அதன் கனத்தைக் கையில் வாங்கிக்கொள்வேன். மறுநாளும் தூக்கிப் பார்ப்பேன். காலித் தட்டு மாதிரி லேசாகத் தெரியும் நாளில்தான் அடுத்த தண்ணீர். ஒரு வாரம் பழகினால் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கவே தேவைப்படாது. கை சொல்லிவிடும்.

விதைக்கும்போது மண் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி (கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்துவிடுவது நல்ல பழக்கம். ஆனால் தட்டு தண்ணீரில் மிதந்தால் டிரைக்கோடெர்மாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: விதை ஓடு இலை நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

பதில்: பிய்க்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பல்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். அடுத்த முறை விதையை அரை சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் போடுங்கள். மண்ணோடு உரசி வெளியே வரும்போது தொப்பி தானே கழன்றுவிடும்.

கேள்வி: கூடாரத்தைத் திறந்தாலே சின்னக் கறுப்பு ஈ பறக்கிறது. மஞ்சள் ஒட்டு அட்டை வைத்தேன், அட்டை நிறைய ஈ. ஆனால் குறையவில்லை.

பதில்: அட்டையில் மாட்டுவது வளர்ந்து பறக்கும் ஈ மட்டும். மேல் மண் இரண்டு அங்குலத்துக்குள் அதன் புழுக்கள் இருக்கும். இளம் வேரைக் கடிப்பது அவைதான். சந்தேகமாக இருந்தால் உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண் மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கறுத்த தலையோடு கண்ணாடி மாதிரி புழு நெளியும். மேல் மண்ணைக் காயவிடுவது பாதி மருந்து. மீதிக்கு, கொசுப் புழுவைக் கொல்லப் பயன்படும் பிடிஐ பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து மூன்று நான்கு வாரம் விடாமல் ஊற்ற வேண்டும். ஒரு தலைமுறை முடிவதற்கே அவ்வளவு நாள் ஆகும். ஒரு வாரம் ஊற்றிவிட்டு நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேள்வி: மேடம், கோகோபீட்டில் மட்டும் வளர்க்கிறேன். உரம் சரியாகத்தான் கொடுக்கிறேன். புது இலைகள் சுருங்கி, கோணலாக வருகின்றன.

பதில்: முதலில் பூச்சி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேனோ இலைப்பேனோ இருக்கிறது. மிளகாயின் குருத்தைச் சுருக்கும் மஞ்சள் சிலந்தி இன்னும் பொடியானது. அதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். இலையின் அடிப்பக்கம் சர்க்கரை மணி மாதிரி, அசையாமல், கண்ணாடியாக மின்னினால் பயப்பட வேண்டாம். மிளகாய் இலை ஈரப்பதம் கூடும்போது அப்படிக் கசியும். அதை முட்டை என்று நினைத்து மருந்தடித்து இலையைக் கருக்கியவள் நான்.

பூச்சி இல்லை என்றால் கால்சியம். கோகோபீட் என்பது தேங்காய் நார்த் தூள்தான், அதில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். நீங்கள் ஊற்றும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விடும். செடிக்குக் கால்சியம் வந்து சேராது. வெறும் தண்ணீரில் கழுவினால் உப்பு போகும், ஆனால் நாரில் ஒட்டியது போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்து, அலசிவிட்டு நிரப்ப வேண்டும். ஏற்கெனவே செடி நட்டாயிற்று என்றால், கொடுக்கும் ஊட்டத்தில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கிறதா என்று பாருங்கள். கரைசலின் பிஎச் 5.8 முதல் 6.3 வரை இருக்கட்டும். கோணிய இலை நிமிராது, அடுத்து வரும் இலையைப் பாருங்கள்.

கேள்வி: வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டால் கூடாரத்தின் சுவர் உள்ளே ஒடுங்குகிறது. கிழிந்துவிடுமோ என்று பயம்.

பதில்: லேசாக ஒடுங்கினால் நல்லது. காற்று கீழ்த் துவாரம் வழியாக உள்ளே வந்து, மேலே வெளியேறுகிறது என்று அர்த்தம். கம்பிகளைத் தாண்டிக் குழிந்தால் கீழே இன்னொரு துவாரத்தைத் திறந்துவிடுங்கள், அல்லது விசிறி வேகத்தைக் குறையுங்கள். 60க்கு 60 சென்டிமீட்டர், 140 உயரம் என்றால் அரை கன மீட்டர்தான். நிமிடத்துக்கு ஒரு முறை காற்று மாற, மணிக்கு 30 கன மீட்டர் தள்ளும் விசிறி போதும். பெரும்பாலானவர்கள் இதைவிட மூன்று நான்கு மடங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே சுற்றும் சின்ன விசிறி வேறு விஷயம். இலை நடுங்கினால் போதும், பேயாட்டம் ஆட வேண்டாம். அந்த நடுக்கம் தண்டைத் தடிக்க வைக்கும். விசிறி இல்லாதவர்கள் தினமும் சில தடவை உள்ளங்கையால் நாற்றின் தலையைத் தடவிவிட்டாலும் அதே பலன்தான்.

கேள்வி: கூடாரத்துக்குள் மதியம் 36 டிகிரி. தக்காளிப் பூ எல்லாம் உதிர்கிறது. குளிர்சாதனம் வைக்க வசதி இல்லை.

பதில்: விளக்கு இரவில் எரியட்டும். எல்இடி என்றாலும் அது இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டை ஏன் மதிய வெக்கையோடு சேர்க்க வேண்டும்? மாலை ஆறுக்குத் தொடங்கி காலை பத்துக்கு அணைத்துவிடுங்கள். செடிக்குக் கடிகாரம் விளக்குதான். கூடாரத்துக்குள் பகல் வெளிச்சம் கசியாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் இருட்டு வேளையில் 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், பூ உதிர்வது ஓரளவு இருக்கத்தான் செய்யும்.

அப்புறம், தக்காளியின் மகரந்தம் பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் குழலுக்குள் அடைந்திருக்கும். வெளியில் காற்றும் தேனீயும் உலுக்கிவிடும். உள்ளே நீங்கள்தான் தேனீ. மின் பல் துலக்கியின் பின்புறத்தைப் பூங்கொத்தின் காம்பில் ஓரிரு விநாடி வைத்து எடுங்கள். குனிந்து பார்த்தால் மஞ்சள் தூசு பறப்பது தெரியும். பறக்கவில்லை என்றால் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கலாம், வேறு நேரத்தில் முயலுங்கள்.

கேள்வி: மின்சாரச் செலவு?

பதில்: 100 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் 1.6 யூனிட். மாதம் 48. விசிறி தனி. செலவைவிடப் பாதுகாப்பைப் பாருங்கள்: எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது, கூடாரச் சுவரில் உயர்த்திக் கட்டுங்கள். ஒயர் பிளக்குக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: நாற்றை எப்போது வெளியே மாடிக்கு மாற்றலாம்? போன முறை மாற்றிய அன்றே இலை வெள்ளையாகக் கருகிவிட்டது.

பதில்: 15,000 லக்ஸில் வளர்ந்த இலையை ஒரு லட்சத்தில் கொண்டு வைத்தால் வேறென்ன ஆகும்? ஐந்தாறு நிஜ இலை வந்ததும் முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்தடுத்து காலை வெயிலில் இரண்டு, மூன்று மணி நேரம் என்று ஏழிலிருந்து பத்து நாள் பழக்குங்கள். மேகமூட்டமான நாளில் தொடங்கினால் வேலை பாதி குறையும்.

கேள்வி: அக்கா, முதல் கேள்வி கேட்டது நான்தான். விளக்கை இறக்கிவிட்டேன், இப்போது 12,000 காட்டுகிறது. நீண்டுபோன நாற்றுகள் குட்டையாகுமா?

பதில்: நீண்டது நீண்டதுதான், இனி வருவது நெருக்கமாக வரும். தக்காளியாக இருந்தால் வித்திலை வரை புதைத்து நடச் சொல்லியிருப்பேன், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய் அவ்வளவு தாராளமாக வேர் விடாது. ஒரு சென்டிமீட்டர் மண் அணைத்து, பல்குச்சி ஒன்றை முட்டுக் கொடுங்கள். இன்றைக்கே பக்கத்துக் குழிகளில் புது விதையும் போட்டுவிடுங்கள். மண் 28 டிகிரி இருந்தால் பத்து நாளுக்குள் எட்டிப் பார்க்கும், அப்போது விளக்கு சரியான உயரத்தில் காத்திருக்கும்.